ஒன்பது முதல் இரண்டு வரை பொன்னுவேல் இருக்காது

கொட்டச்சேட்டுப் பொன்னுவேல் எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. பஸ் வருகிறது என்றால் வளைவு வரை போய் எட்டிப் பார்ப்பார். வந்து நின்ற பிறகு பலகையைப் படிப்பார். ஏறி உட்கார்ந்த பிறகும் பக்கத்து ஆளிடம், "இது ஏற்காட்டுக்குத்தானுங்களே?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வார்.

அரசாங்க அலுவலகம் என்றால் இந்தச் சந்தேகம் இரண்டு பங்காகிவிடும். அலுவலகங்களை அவர் வெறுக்கவில்லை. அவை எங்கேயோ உட்கார்ந்துகொண்டு தன்னையே கவனித்துக்கொண்டிருக்கின்றன என்பதில் உறுதியாக இருந்தார். ஆகவே அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது அவர் வழக்கம். வீட்டுக்கு ஓடு மாற்றினால் ஒரு கடிதம். வேலியோரத்துப் பலாமரம் காற்றில் சாய்ந்தால் ஒரு கடிதம். எருமை கன்று போட்டதற்கே கால்நடை மருந்தகத்துக்கு எழுதியவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒப்புகை அட்டை. அட்டைகள் எல்லாம் தேதி வாரியாக ஒரு தகரப் பெட்டியில் இருந்தன.

"நீங்க பொறந்ததுக்கு எழுதிப் போட்டீங்களா?" என்று அவர் மனைவி மாரியம்மாள் கேட்பாள்.

"அப்ப எனக்கு எழுதத் தெரியாது புள்ள."

"அட்டை வரலீல்ல? அப்பப் பொறந்திருக்கவே மாட்டீங்க, போங்க."

போன தை மாதம் மிளகு பறிப்பதற்காக, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணியின் உச்சியில் நின்றிருந்தபோது பொன்னுவேலுக்குக் கண் இருட்டியது. மூன்று படி இறங்கினார். மீதிப் படிகள் தேவைப்படவில்லை. காப்பிச் செடி ஒன்று அவரைத் தாங்கிக்கொண்டது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சாரா, இதயம் நடுநடுவே துடிக்க மறந்துவிடுகிறது, நினைவுபடுத்த உள்ளே ஒரு கருவி வைக்க வேண்டும் என்றார்.

"பேட்டரிங்களா?"

"வழக்கமா வைக்கிறது பேட்டரிதான். எட்டுப் பத்து வருஷம் வரும். அப்புறம் திறந்து மாத்தணும்."

"பத்து வருசம்னு ஆரு சொன்னாங்க?"

"கம்பெனி."

பொன்னுவேல் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். டாக்டர் சிரித்தபடி உட்கார வைத்தார். பேட்டரியே இல்லாத புதுக் கருவி ஒன்று வந்திருக்கிறது, சிலருக்கு மட்டும் வைத்துப் பார்க்கிறார்கள், சம்மதமானால் அதை வைக்கலாம் என்றார்.

"இதயம் துடிக்கிறப்ப ஓர் அசைவு இருக்கில்லையா? மூச்சு விடறப்ப நெஞ்சு ஏறி இறங்குதில்லையா? அந்த அசைவுல இருந்தே தனக்கு வேணுங்கிற கரண்டை அது எடுத்துக்கும். உங்க உடம்புதான் பவர் ஹவுஸ்."

பொன்னுவேல் யோசித்தார். "நெஞ்சு கருவிய ஓட்டுது. கருவி நெஞ்ச ஓட்டுது. ஒண்ணு நின்னா?"

"இன்னொண்ணு தட்டி எழுப்பும். ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டே இருக்கும்."

அந்த ஏற்பாடு அவருக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பாமல் கண்காணிப்பது என்பது அவர் இத்தனை காலமும் உலகத்துக்குச் சிபாரிசு செய்துவந்த முறைதான். சம்மதக் கடிதத்தை மூன்று தடவை படித்துக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஓர் அட்டை கொடுத்தார். முன்பக்கத்தில், 'இந்த அட்டையை வைத்திருப்பவரின் உடலுக்குள் மின்சாரம் உற்பத்தி செய்யும் கருவி பொருத்தப்பட்டுள்ளது' என்று இருந்தது. பின்பக்கத்தில், 'வலுவான காந்தத்தை நெஞ்சருகே கொண்டுவரக் கூடாது. மின் உற்பத்தி நின்றுவிடும்.'

"நின்னா?"

"சேமிப்புல அரை மணி நேரம் ஓடும். அதுக்கப்புறம் உங்க இதயம் தனியா. அதனால காந்தம் பக்கம் போகாதீங்க. மத்தபடி நடங்க, ஏறுங்க, வேலை செய்யுங்க."

"எத்தன கரண்டுங்க வரும்?"

"ஒரு பல்பு எரியணும்னா உங்களை மாதிரி ஒரு லட்சம் பேர் நிக்கணும்."

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் மலைக்குத் திரும்புகிற பஸ்ஸில், எட்டாவது வளைவு திரும்பும்போது, பொன்னுவேல் அட்டையை மறுபடி எடுத்துப் படித்தார். 'மின்சாரம் உற்பத்தி செய்யும்.' அவருக்குப் பக்கத்து மஞ்சக்குட்டை ஊர்க்காரர் ஒருவர் ஞாபகம் வந்தது. அவர் தோட்டத்தில் சூரியத் தகடு வைத்து மோட்டார் ஓட்டினார். யாருக்கும் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து ஒரு ஜீப் வந்தது. தகட்டின் மேல் சாக்கைப் போர்த்தி, கயிறு கட்டி, அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போய்விட்டது. சாக்கு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"நெஞ்சுக்குள்ள இருக்கறது ஆருக்குங்க தெரியப் போவுது?" என்றாள் மாரியம்மாள். "எதுக்குப் போயி நீங்களா வாயக் குடுக்கறீங்க?"

"மூணு வருசம் கழிச்சு ஜீப்பு வந்தா? சீலு எங்க வைப்பாங்க? இங்க வைப்பாங்க." அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நாமளே சொல்லிட்டா நம்ம மேல தப்பில்ல."

மலைப்பகுதி மின் உற்பத்திப் பதிவு அலுவலகம், ஏற்காடு. மதிப்பிற்குரிய ஐயா. நான் கீழே கையொப்பமிட்டுள்ள கொட்டச்சேடு பொன்னுவேல், என் நெஞ்சினுள் மிகச் சிறிய அளவில் மின்சாரம் உற்பத்தியாகி, என்னாலேயே முழுவதும் உபயோகிக்கப்பட்டு வருகிறது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். வெளியே யாருக்கும் கொடுப்பதில்லை. ஆதாரமாக அட்டையின் முன்பக்க, பின்பக்க நகல் இணைத்துள்ளேன்.

பின்பக்க நகலை இணைத்ததுதான் பிற்பாடு அவர் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

ஒப்புகை அட்டை ஆறாம் நாளே வந்துவிட்டது. இருபதாம் நாள் ஜீப் வந்தது.

உதவிப் பொறியாளர் பாலசுப்பிரமணியம் சேலத்துக்காரர், குளிருக்கு மப்ளர் சுற்றிய ஆள். கூட லைன்மேன் நல்லமுத்து, கையில் படிவக் கட்டோடு. பொறியாளர் இறங்கியதும் வீட்டையோ தோட்டத்தையோ பார்க்கவில்லை. பொன்னுவேலைத்தான் சுற்றி வந்து, முதுகுப்பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். கண் கலங்கியிருந்தது போலிருந்தது.

"எனக்கு முன்னாடி நாலு பேர் இந்த அலுவலகத்துல இருந்தாங்க" என்றார். "பேரு உற்பத்திப் பதிவு அலுவலகம். நாலு பேர் காலத்துலயும் பதிவு பண்றதுக்கு ஒரு உற்பத்தி நிலையம் வரலை. ஒரு சாக்கைத்தான் வருஷா வருஷம் போயிப் பாத்துட்டு வந்தோம். நான் வந்தேன். நீங்க ஏணியிலிருந்து விழுந்தீங்க."

"ஏனுங்க சார், ஒரு பல்பு எரியோணும்னாலே லட்சம் பேரு வேணுமாமா."

"அளவெல்லாம் எங்களுக்கு முக்கியமில்லைங்க. மின்சாரம் குடுக்கறது வேற ஆளுங்க வேலை. எங்க வேலை ஒழுங்குபடுத்தறது. இல்லாத மின்சாரத்தையே நாப்பது வருஷமா ஒழுங்குபடுத்தியிருக்கோம். கொஞ்சூண்டு இருந்தா விட்ருவமா?"

நல்லமுத்து படிவத்தைப் பிரித்துப் படித்தான். "எரிபொருள். நிலக்கரி, தண்ணி, காத்து, சூரிய ஒளி, இதர. எதுங்ணா?"

மாரியம்மாள் உள்ளேயிருந்து, "களி" என்றாள். "ஞாயித்துக்கெழம மட்டும் கோழி."

"இரட்டை எரிபொருள்னு போடு" என்றார் பொறியாளர்.

நிலையத்தைச் சுற்றி எட்டடிச் சுவர் வேண்டும் என்றது அடுத்த விதி. நிலையம் நடமாடும் தன்மையுடையது என்பதால் சுவர் தள்ளுபடி செய்யப்பட்டது. பொறுப்பாளர் பெயர் என்ற இடத்தில் பொன்னுவேல் பெயரையே எழுதினார்கள். நில இணைப்பு, அதாவது எர்த், தனித்தனியாக இரண்டு இருக்க வேண்டும் என்றது இன்னொரு விதி. பொறியாளர் பொன்னுவேலின் கால்களைப் பார்த்தார்.

"ரெண்டு இருக்குல்ல? செருப்பைக் கழட்டிருங்க. இனிமே போடக் கூடாது. ஒத்தக் காலை எப்பவும் தூக்கவும் கூடாது."

"அப்பறம் எப்படிங்க நடக்கறது?"

"தேய்ச்சு நடங்க."

கடைசியாக ஜீப்பின் பின்னாலிருந்து ஒரு தகரப் பலகை வந்தது. மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு, 'அபாயம்', கீழே 'நிலையம் எண் 1', அதற்கும் கீழே 'அனுமதி பெறாதவர் மூன்று மீட்டருக்குள் வரக் கூடாது.' நல்லமுத்து அதைக் கம்பியில் கோத்து, சங்கடத்தோடு பொன்னுவேலின் கழுத்தில் மாட்டினான்.

"ஊட்டுக்காரிக்கும் அனுமதி வேணுமுங்களா?" என்றாள் மாரியம்மாள்.

"நிச்சயமா. படிவம் பதினாலு."

"இருபத்தெட்டு வருசமா அனுமதி கேக்காமத்தானுங்க கிட்ட வந்துட்டிருக்கறன். ஒரு நாளும் இவருகிட்ட ஷாக்கு அடிச்சதில்ல."

பொறியாளர் அதையும் குறித்துக்கொண்டார். முந்தைய விபத்துகள்: இல்லை.

மறுநாள் பொன்னுவேல் காலைத் தேய்த்துக்கொண்டே போய் ஏற்காட்டு பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் பலகையை இரண்டு தடவை படித்தார். "மூணு மீட்டருன்னு போட்டிருக்குதுங்ணா. பஸ்ஸோட அகலமே அத்தன வராதுங்களே!" என்றார். முன்பாதியில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து பின்பாதிக்குப் போனார்கள். காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் மட்டும் போகிறபோது, "எந்தக் கட்சிங்க?" என்று விசாரித்தார். ஏரிக்கரையில் சுற்றுலா வந்தவர்கள் அவரைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். பலகையைப் படித்துவிட்டு, தள்ளி நின்றே எடுத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் பொன்னுவேல் பொறுத்துக்கொண்டார். சொல்லாமல் இருந்திருந்தால் இதைவிட மோசமாக ஏதாவது செய்திருப்பார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அது ஒன்றில்தான் அவருக்குச் சந்தேகம் இல்லாமல் இருந்தது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாரமங்கலத்திலிருந்து மாரியம்மாளின் தம்பி வெங்கடேஷ் வந்தான். கையில் ஒரு ரோஜா மாலை. வாசலில் மிளகுச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்த பொன்னுவேலைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"என்ன மாப்பிள்ள, ஆருக்கு மாலை?"

"பேப்பர் பாக்கலீங்களா மாமா?"

மின்நிறுத்த அறிவிப்புகள் வருகிற பக்கத்தில், வழக்கமான ஊர்ப் பெயர்களுக்குக் கீழே, தனிக் கட்டத்தில் இருந்தது: 'மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக, கொட்டச்சேடு நிலையம் எண் 1-இல், வரும் செவ்வாய்க்கிழமை காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை பொன்னுவேல் இருக்காது. நிறுத்தம் செய்யப்படும் பகுதிகள்: பொன்னுவேல் முழுவதும்.'

"ரெண்டு மணிக்குத் திரும்ப வந்துருவீங்கன்னுதான் போட்டிருக்குது" என்றான் வெங்கடேஷ். "ஆனா கரண்டு என்னைக்கு மாமா சொன்ன நேரத்துக்கு வந்திருக்குது? செவ்வாக்கெழம மலைல பூவு கெடைக்காது. அதான் இப்பவே வாங்கியாந்துட்டன்."

மாரியம்மாள் பேப்பரைப் பிடுங்கினாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் சிரிக்கவில்லை. இதுவரை எல்லாவற்றுக்கும் சிரித்தவள், அன்றைக்குப் போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை காலை பொன்னுவேல் அலுவலகத்தில் இருந்தார். டாக்டர் சாராவிடம் போனில் பேசி, அவர் எழுதி முதல் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய கடிதத்தையும் கொண்டுபோயிருந்தார். கருவியின் உற்பத்தி அரை மணி நேரத்துக்கு மேல் நின்றால் நோயாளி உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

பாலசுப்பிரமணியம் கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுல மின் பொறியாளர் சான்றொப்பம் இல்லையே."

"அவுங்க இதய டாக்டருங்க."

"அதைத்தான் சொல்றேன். உற்பத்தி நிலையத்தைப் பத்தி இதய டாக்டர் எப்படிக் கருத்து சொல்லலாம்? நான் உங்க இதயத்தைப் பத்தி ஏதாச்சும் சொன்னேனா?"

"நிறுத்தி என்னங்க சார் பண்ணுவீங்க?"

"பராமரிப்பு."

"அதுதான், பராமரிப்புன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"லைனா இருந்தா கிளை வெட்டுவோம்."

"எம்மேல ஏதுங்க கிளை?"

பொறியாளர் அவருடைய தலைமுடியை ஒரு பார்வை பார்த்தார். "அன்னைக்கு வந்து பாத்துத்தான் சொல்ல முடியும். முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கணும் நீங்க. நிறுத்தறதுதான் பராமரிப்பு. நிறுத்தின பிறகு வேலை இருந்தா செய்வோம், இல்லைன்னா உக்காந்திருப்போம். இந்த மலையில நாப்பது வருஷமா எல்லாம் தவறியிருக்கு. மழை தவறியிருக்கு, பஸ் தவறியிருக்கு, மின்சாரம் தவறாத நாளே இல்லை. மாதாந்திர நிறுத்தம் மட்டும் ஒரு மாசம் தவறினதில்லை. அந்தப் பேரை நான் கெடுக்க முடியுங்களா?"

"எப்படிங்க சார் நிறுத்துவீங்க?"

"அதுக்குக் கஷ்டமே இல்லை. நீங்களே அனுப்பியிருக்கீங்களே." கோப்பைப் புரட்டி, அட்டையின் பின்பக்க நகலை எடுத்துக் காட்டினார். 'வலுவான காந்தம்' என்ற இடத்தில் சிவப்பு மையால் கோடு. "இவ்வளவு தெளிவா நிறுத்தும் முறையை யாரும் எழுதிக் குடுத்ததில்லை. பாராட்டணும் உங்களை."

"நான் செத்துப்போயிட்டா?"

"அது திட்டமிடப்படாத நிறுத்தம். அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. இது திட்டமிட்டது. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது."

ஓடிவிடலாமா என்று வெங்கடேஷ் கேட்டான். சேலத்தில் யார் வீட்டிலாவது இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்றான். பொன்னுவேல் வேண்டாமென்றார். நடமாடும் நிலையம் எல்லையைத் தாண்டினால் என்ன விதி என்பது அவருக்குத் தெரியாது. தெரியாத விதியைவிடத் தெரிந்த விதி பரவாயில்லை என்று தோன்றியது. மாரியம்மாள் வாசலில் கிடந்த அரிவாளை எடுத்து, கல்லில் தீட்ட ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜீப் வந்தது. அந்த அலுவலகம் நேரத்துக்கு வந்தது வரலாற்றில் அதுதான் முதல் தடவை. நல்லமுத்து இறங்கினான். அவன் கையில் பழைய துணியில் சுற்றிய கனமான ஒன்று. பழுதான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம், உள்ளங்கை அகலத்துக்கு. அதைச் சுற்றியிருந்த துணியில் இரண்டு ஆணிகளும் ஒரு சாவியும் தாமாக வந்து ஒட்டியிருந்தன. அவன் பொன்னுவேலின் முகத்தைப் பார்க்கவில்லை.

மாரியம்மாள் அரிவாளோடு வந்து கணவனுக்கு முன்னால் நின்றாள்.

"மூணு மீட்டர்" என்றார் பொறியாளர்.

"நீங்க நில்லுங்க மூணு மீட்டரு" என்றாள் அவள். "ஒரு அடி கிட்ட வந்தீங்கன்னா நான் பராமரிச்சுப் போடுவன்."

பொறியாளர் ஜீப்பின் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கிருந்தபடியே ஒரு நீளப் பேரேட்டை நீட்டினார். நிறுத்த அனுமதிப் பதிவேடு. "நிலையப் பொறுப்பாளர் இதுல கையெழுத்துப் போடணும். அப்புறம்தான் நிறுத்தம்."

எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற வழக்கம் பொன்னுவேலுக்கு இல்லை. சாவதற்கு முன்பும் இல்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பதிவேட்டின் அட்டைக்கு உட்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த விதிகளை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

"அதையெல்லாம் யாரும் படிக்கறதில்லைங்க" என்றார் பொறியாளர். "நானே படிச்சதில்லை."

"அதனாலதான் சார் படிக்கறன்."

மணி ஒன்பதேகால் ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. மூடுபனி விலகி, ஓட்டின் மேல் வெயில் விழுந்தது. நல்லமுத்து காந்தத்தைக் கை மாற்றிக்கொண்டான். பத்து விதி முடிந்து பதினோராவதில் பொன்னுவேலின் விரல் நின்றது. சத்தமாகப் படித்தார்:

"நிறுத்தத்துக்குக் கையொப்பமிட்ட அதே பொறுப்பாளர், பணி முடிந்து ஆட்கள் அனைவரும் விலகியதை நேரில் கண்டு, அதன் பிறகே மறு இயக்கத்துக்குக் கையொப்பமிட வேண்டும். அவருக்குப் பதிலாக வேறு எவரும் கையொப்பமிடலாகாது."

"ஆமா. அதுக்கென்ன?"

"பொறுப்பாளரு நானுங்களே. அரை மணி நேரத்துல நான் மயங்கிக் கெடப்பன். ரெண்டு மணிக்கு நேருல கண்டு ஆருங்க சார் கையெழுத்துப் போடுவாங்க?"

பொறியாளர் மப்ளரை அவிழ்த்து மறுபடி சுற்றினார். பிறகு முகம் தெளிந்தது. "அதனாலென்ன? ரெண்டையும் இப்பவே போட்டுக் குடுத்துருங்க."

"அது மட்டும் வேண்டாமுங்க சார்."

பேசியது நல்லமுத்து. படிவத்தைப் படித்ததைத் தவிர அதுவரை அவன் வேறு பேசி யாரும் கேட்டிருக்கவில்லை.

"மத்த விதியெல்லாம் எப்படி வேணுமோ பண்ணிக்குங்க. இது வேண்டாமுங்க. நான் முன்னால இருந்த ஆபீசுல, எங்கண்ணன் கம்பத்து மேல இருக்கறப்ப, முன்கூட்டியே போட்டு வெச்ச கையெழுத்தக் காட்டித்தான் லைன்ல கரண்ட விட்டாங்க. அவன எறக்கறதுக்கு நாந்தான் ஏறுனன்." அவன் காந்தத்தைக் கொண்டுபோய் வேலியின் இரும்புப் படலில் ஒட்டிவிட்டுத் திரும்பி வந்தான். "இதுக்கு நான் ஆளில்லைங்க."

காப்பிச் செடிகளுக்குள் ஏதோ குருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மாரியம்மாள் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"ஆனா பேப்பர்ல போட்டாச்சே" என்றார் பொறியாளர். அவர் குரல் உடைந்தது. "நாப்பது வருஷம்."

கடைசியில் அவர் அந்த அலுவலகம் எப்போதும் செய்வதையே செய்தார். பதிவேட்டில் தன் அதிகாரத்திலேயே எழுதினார்: காலை 9 மணி, நிலையம் எண் 1 நிறுத்தப்பட்டது. பராமரிப்புப் பணி நடைபெற்றது. பிறகு இரண்டு மணி வரை ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். வெங்கடேஷ் மூன்று மீட்டர் தள்ளி நின்று காப்பி கொடுத்தான். இரண்டு மணிக்கு இறங்கி வந்து, மறு இயக்கக் கட்டத்தில் பொன்னுவேலைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"நிறுத்தவே இல்லீங்களே சார்."

"நிறுத்தினதா எழுதியிருக்கேனே."

"நீங்க எழுதுனீங்க. நான் நேருல காணலீங்களே. பணி முடிஞ்சுதுன்னு நான் எப்படிப் போடுவன்?"

எவ்வளவு சொல்லியும் பொன்னுவேல் போடவில்லை. அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. காலியான கட்டத்தோடு பதிவேடு மூடப்பட்டு, ஜீப்பில் ஏறி, மலைப் பாதையில் போயிற்று.

பதினைந்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. பொருள்: நிலையம் எண் 1, கொட்டச்சேடு. மேற்படி நிலையம் முன்னர் அறிவிக்கப்பட்ட செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு நிறுத்தப்பட்டு, இன்று வரை மறு இயக்கம் செய்யப்படவில்லை என்பது பதிவேட்டிலிருந்து தெரியவருகிறது. மறு இயக்க ஆணையின்றி நிலையத்தை இயக்குவது குற்றம். எனவே பொன்னுவேல் ஆகிய தாங்கள் தற்போது இயங்கவில்லை என்பதை ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் உறுதிப்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். தவறினால் நேரில் வந்து முத்திரையிடப்படும்.

பொன்னுவேல் அதை நாலு தடவை படித்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முப்பது வருடமாக அவர் எழுதிய ஒரு கடிதத்திலும் பொய் ஒரு வரி கிடையாது. பெட்டியில் இருந்த அத்தனை அட்டையும் அதற்குச் சாட்சி.

"இத்தன யோசன எதுக்குங்க?" என்றாள் மாரியம்மாள். "ஓடலைன்னு எழுதிப் போடுங்க."

"ஓடுதே புள்ள."

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். படிவம் பதினாலு இன்னும் அனுமதிக்கப்படவில்லை. அவர் நெஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"ஓடறது எனக்குத் தெரிஞ்சாப் போதாதுங்களா?" என்றாள்.

மறுநாள் காலை பொன்னுவேல் எழுதினார். மதிப்பிற்குரிய ஐயா. தங்கள் ஆணைப்படி நான் இயங்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படிக்கு, பொன்னுவேல், நிலையப் பொறுப்பாளர். நகல் எடுத்துக்கொண்டு, தானே போய்த் தபாலில் சேர்த்தார். ஆறாம் நாள் ஒப்புகை அட்டை வந்தது. கீழே பாலசுப்பிரமணியத்தின் கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் சரியாக இருந்தன. அவர் பலகையைக் கழற்றி எருமைக் கொட்டகையில் மாட்டிவிட்டு, செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த தை மாதம் அவர் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது, கீழே வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. எந்த ஜீப் என்று அவருக்குத் தெரியும். கொத்துக்கு நீட்டிய கை நீட்டியபடி, ஒரு கால் ஒரு படியிலும் மறு கால் அடுத்த படியிலுமாக, கண் இமைக்காமல், மூச்சை அடக்கி அப்படியே நின்றார்.

மரத்தின் கீழே வந்ததும் ஜீப் வேகம் குறைந்தது. கண்ணாடி இறங்கியது. பாலசுப்பிரமணியம் தலையை வெளியே நீட்டி, கீழிருந்து மேல் வரை நிதானமாகப் பார்த்தார்.

"சரியா நிக்குதுல்ல?" என்றார்.

"நின்னுட்டுத்தானுங்க சார் இருக்குது" என்றான் நல்லமுத்து.

பொறியாளர் எதையோ குறித்துக்கொண்டார். ஜீப் கிளம்பி, மஞ்சக்குட்டைச் சாக்கைப் பார்க்கப் போயிற்று. சத்தம் ஒரு வளைவில் தேய்ந்தது, அடுத்த வளைவில் ஓய்ந்தது.

பொன்னுவேல் நம்பவில்லை. மனசுக்குள் இன்னும் ஒரு பத்து எண்ணினார். அதற்கப்புறம்தான் மூச்சு விட்டார்.